கசிவு இருக்கலாம்

மார்ச் 4

சின்னவளுக்கு,

உன் புது நம்பரைத் தரமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். "நம்பர் குடுக்காதேன்னுதான் சொன்னா. அட்ரஸைப் பத்தி அவ வாயே திறக்கலை" என்று சொல்லி, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் உன் விடுதி முகவரியை எழுதிக் கொடுத்தாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஏற்கெனவே மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எழுதிய அறிக்கை பாதுகாப்புத் துறைக்குப் போய்விட்டது. அதில் "குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. குழாய் வேலை செய்தவர் என்ற இடத்தில் உன் பெயர். விசாரணை முடியும்வரை எரிவாயுக் குழாய் வேலைக்கான உன் லைசென்ஸை நிறுத்தி வைப்பார்களாம். மேலாளர் இன்றுதான் சொன்னார். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாயா என்று கேட்டால், எழுதியிருப்பேன். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

நீ போனபின் நிலைமை இதுதான். சந்தையில் அழுகி ஒதுக்கும் காயும் பழமும் தினமும் தொட்டிக்கு வருகின்றன. பாக்டீரியா அவற்றைத் தின்கின்றன. கழிவு கரைகிறது, சர்க்கரை தீர்கிறது, அமிலம் ஏறுகிறது. எல்லாம் ஒழுங்காக நடப்பதற்கான அடையாளங்கள். ஆனால் மீட்டரில் வந்து சேரும் ஹைட்ரஜன் முதல் மாதம் வந்ததில் பாதிகூட இல்லை. முதல் மாதம் அந்த வாயுவை மின்சாரமாக்கும் மின்கலம் ஓடி, சந்தையின் குளிர் அறை முழுவதும் வேலை செய்தது உனக்கே தெரியும். இப்போது ஒரு பக்கம் மட்டும்தான் குளிர்கிறது. உண்டாகிற வாயு வந்து சேரவில்லை என்றால், வழியில்தானே போயிருக்க வேண்டும்?

ஜனவரியில் வாயு டிடெக்டர் ஒருமுறை அலறியதே, நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து தொட்டியிலிருந்து வாயு வெளியேறும் வால்வைப் பாதிக்கு மேல் மூடியேதான் வைத்திருக்கிறேன், உன் குழாயில் அழுத்தம் ஏறக்கூடாது என்று. தொட்டிக் கொட்டகையின் சுவரை ஒட்டித்தான் மூட்டை இறக்குகிறவர்கள் மதியம் படுத்துத் தூங்குகிறார்கள். ஹைட்ரஜன் எவ்வளவு சின்ன இடுக்கிலும் நுழையும், எவ்வளவு சின்னப் பொறியிலும் பற்றும். அவர்கள் குறட்டைச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

அன்று கூட்டத்தில் நான் சொன்ன விதம் சரியில்லை. சொன்ன விஷயம் சரி என்றே இன்னும் நினைக்கிறேன். ஒருமுறை வந்து இணைப்புகளைப் பார்த்துவிட்டுப் போ. கேட்பது உன் அக்கா இல்லை, இந்த ஹைட்ரஜன் நிலையத்தின் பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 13

பொறுப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே லைசென்ஸ் நிறுத்தக் கடிதமும் கிடைத்தது. அரசாங்கத் தபால் இவ்வளவு வேகமாக வரும் என்று இப்போதுதான் தெரிந்தது.

சரி, இந்த மரியாதையெல்லாம் எனக்கு வராது. அக்கா, நீ அன்று என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? மேலாளர், சந்தைக் குழுக்காரர்கள், உன் உதவியாள் மீசை, லாரிக்காரர்கள் என்று எல்லாரும் நிற்கும்போது, "சொந்தத் தங்கச்சின்னு நம்பி வேலையைக் குடுத்தேன், இப்ப அனுபவிக்கிறேன்" என்றாய். சொன்ன விதம் சரியில்லையாம். நீ சொன்னதில் விதத்தைத் தவிர வேறு என்ன இருந்தது?

டிடெக்டர் அலறியது மீசை கை துடைத்த ஸ்பிரிட்டால் என்று அன்றைக்கே சொன்னேன். பஞ்சும் பாட்டிலும் அவர் கையில்தான் இருந்தன. நீ கேட்கவில்லை. உனக்கு உன் பூச்சிகள்மேல் இருக்கும் நம்பிக்கையில் கால் பங்கு என்மேல் இல்லை. கண்ணுக்கே தெரியாத ஜந்துக்கள் தப்பே செய்யாது. கண்ணெதிரே நிற்கும் தங்கை மட்டும் செய்வாள்.

இப்போது இங்கே என் வேலை என்ன தெரியுமா? கப்பல் பழுது பார்க்கும் தளத்தில் வெல்டராகச் சேர்ந்தேன். கடிதம் வந்த மறுநாள் ஃபோர்மேன் கூப்பிட்டு, "வெல்டிங் டார்ச்சைத் தொடாதே, துளைக் காவலுக்குப் போ" என்று சொல்லிவிட்டார். கப்பல் தொட்டிக்குள் ஆட்கள் இறங்குவார்களே, அந்தத் துளைக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வேண்டும். யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கழுத்தில் ஒரு விசில். இவ்வளவு வருடம் தீயும் இரும்புமாக இருந்தவள் இப்போது விசிலும் ஸ்டூலுமாக இருக்கிறேன். விசாரணையில் கசிவு என்று முடிவாகிவிட்டால் அந்த விசிலையும் வாங்கிவிடுவார்கள். பிறகு எந்தத் தளத்திலும் எனக்குக் குழாய் வேலை கிடையாது.

நான் வரமாட்டேன். நீயே சோதித்துக்கொள். தொட்டிப் பக்க வால்வையும் மின்கலப் பக்க வால்வையும் இறுக்க மூடு. நடுவில் இருக்கும் குழாயில் நைட்ரஜனை ஏற்று, வேலை செய்யும் அழுத்தத்தைவிட அதிகமாகவே ஏற்று. பிறகு அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளைப் பார். ஒரு பகல் முழுவதும் அசையாமல் நின்றால் இணைப்பு நல்ல இணைப்பு. வெயில் ஏறி இறங்கும்போது வாயு கொஞ்சம் விரிந்து சுருங்கும், அதையும் கசிவு என்று எழுதிவிடாதே, பக்கத்தில் வெப்பமானியை வைத்துக்கொள். மீசை ஷேவிங் சோப்பைத் தடவிக் குமிழி பார்க்கிறேன் என்பார். விடாதே.

அம்மாவிடம் சொல், அட்ரஸ் விஷயத்தில் அவள் செய்தது துரோகம்.

உன் குழாய்க்காரி


மார்ச் 24

சின்னவளுக்கு,

முள் அசையவில்லை.

இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். காலையில் நீ சொன்னபடி நைட்ரஜனை ஏற்றினோம். நான் ஸ்டூலைப் போட்டுக் கேஜின் முன் உட்கார்ந்தேன். (ஆம், நானும் ஸ்டூல்.) மீசை நிஜமாகவே சோப்பும் பிரஷுமாக வந்தார். நான் வேண்டாம் என்றதும் அவருக்கு வருத்தம். மதியம் வெயில் ஏறியபோது முள் மயிரிழை மேலே போனது, சாயங்காலம் மயிரிழை கீழே வந்தது. வெப்பமானியைப் பார்த்துக் கணக்குப் போட்டேன், சரியாக இருந்தது. மறுநாளும் செய்தேன். அதே கதைதான். "பாப்பா கையில வேலை சுத்தம் மேடம், நான் அப்பவே நினைச்சேன்" என்றார் மீசை. "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க கேக்கற மாதிரியா இருந்தீங்க?" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதோடு, இப்படி ஒரு பக்கம் சந்தோஷப்படும்போதே மறுபக்கம் எனக்குள் ஏதோ ஒன்று, அப்படியென்றால் தப்பு என் பக்கமா என்று கலங்கிக்கொண்டிருந்தது. நல்ல அக்காவுக்கு அந்தக் கலக்கம் வரக்கூடாது. வந்தது.

பாதுகாப்பு ஆய்வாளரை அழைத்துச் சோதனை முடிவைச் சொன்னேன். ஒரு பெண்மணி. எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா, குழாய் கசியலை. தொட்டி மூடியில இருக்கற வெல்டு? அதுவும் அவங்க போட்டதுதானே? வாயு காணோம்கறது நிஜம். கசியலைன்னா எங்க போச்சுன்னு சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் ஃபைலை மூட முடியாது" என்றார். நியாயம்தான். மூடியைத் தனியாகச் சோதிக்கத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் உள்ளே இருப்பவை எல்லாம் செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குச் சந்தைக் குழு காத்திருக்காது. ஆய்வாளர் ஏப்ரல் கடைசியில் நேரில் வருகிறார். அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உன் லைசென்ஸ் போய்விடும்.

என் பக்கத்தை எத்தனை முறை புரட்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. உனக்கு இதெல்லாம் அலுப்பு, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கே தெளியும். நம் தொட்டியில் முதலில் விதையாகப் போட்ட கழிவுநீர் நிலையத்துச் சேற்றில் ஆயிரம் வகை உயிர்கள் இருக்கும். சில ஹைட்ரஜனை உண்டாக்கும், சில அதைத் தின்று மீத்தேனாக மாற்றிவிடும். அதனால்தான் தொடக்கத்திலேயே சேற்றைக் கொதிக்க வைத்தோம். தின்கிறவை வெப்பத்தில் செத்துவிடும். நமக்கு வேண்டியவை மட்டும் ஓட்டுக்குள் சுருண்டு தூங்கிப் பிழைத்து, ஆறியதும் எழுந்துகொள்ளும். ஆகவே தின்கிறவை இல்லை. இருந்தால் மீத்தேன் வர வேண்டும், துளியும் இல்லை. உண்டாக்குகிறவை பசியோடு வேலை செய்கின்றன. பிறகு எங்கே போகிறது?

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "துரோகம்னா எழுதியிருக்கா? சரி, அந்தத் துரோகி கேக்கறான்னு எழுது, விடுதியில சோறு வேகுதா வேகலையான்னு" என்கிறாள். பதில் எழுதும்போது அவளுக்கும் ஒரு வரி எழுது. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

சோறு வேகிறது. குழம்புதான் வேகவில்லை. அம்மாவிடம் சொல்லிவிடு.

முள் அசையாதது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் எழுதியதற்கு நன்றி. "நன்றி" என்பதை இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாம் தடவை எழுதியிருக்கிறேன், பார்த்தாலே தெரியும்.

மூடியில் இருக்கும் வெல்டும் அதே கைதான் போட்டது. ஆனால் நான் சொல்வது சாட்சி ஆகாது. வாயு எங்கே போகிறது என்று எனக்கும் தெரியவில்லை. உன் பூச்சிகளைப் பற்றி உனக்குத் தெரியாததை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது? அதனால் என் வேலையைப் பற்றி எழுதுகிறேன். இங்கே யாரிடமும் பேச்சில்லை. துளைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவளிடம் உள்ளே போகிறவன் என்ன பேசுவான்? "வரேன்" என்பான், வெளியே வந்ததும் "வந்துட்டேன்" என்பான். அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பழைய சரக்குக் கப்பல் வந்தது. அதன் அடித்தொட்டி ஒன்று ரொம்ப நாளாக மூடியே கிடந்ததாம். மூடியைக் கழற்றியதும் எங்கள் ஃபிட்டர் ஒருவன், யானை மாதிரி இருப்பான், பெயரும் யானைதான், காலை உள்ளே விட்டுவிட்டான். நான் விசிலை வாயில் வைப்பதற்குள் வாயு சோதிக்கிற பெண் ஓடி வந்து அவன் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டாள். அவளுடைய ஒல்லி உடம்புக்கு அவனை எப்படி இழுத்தாள் என்று இன்னும் புரியவில்லை.

யானைக்குக் கோபம். "காலித் தொட்டிதானே? எண்ணெய் இல்லை, கெமிக்கல் இல்லை, ஓட்டை இல்லை. வெறும் காத்துக்கு எதுக்கு இந்தக் கத்து கத்தறே?"

அவள் மீட்டரை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "காத்து இருக்கு. அதுல உனக்கு மூச்சு விட ஒண்ணும் இல்லை. இறங்கியிருந்தா ரெண்டாவது படியிலேயே விழுந்திருப்பே. உன்னைத் தூக்கறதுக்கு கிரேன்தான் வரணும்."

"ஓட்டையே இல்லையே, எங்க போச்சாம்?"

"எங்கயும் போகலை. துரு தின்னுடுச்சு."

பிறகு டீ குடிக்கும்போது எனக்கும் விளக்கினாள். மூடிய இரும்புத் தொட்டிக்குள் துரு பிடித்துக்கொண்டே இருக்குமாம். துரு பிடிக்க ஆக்சிஜன் வேண்டும். காற்று வெளியே போகாது, உள்ளே வராது, அதில் இருக்கிற ஆக்சிஜனைச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். எவ்வளவு நாள் மூடி வைக்கிறோமோ அவ்வளவு தின்னும். இத்தனை வருடம் வெல்டிங் செய்தும் எனக்கு இது தெரியாது. யானை இப்போது அவளைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான்.

இவ்வளவுதான் இங்கே செய்தி. ஏப்ரல் கடைசி என்கிறாய். விசிலைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்கும்போது குறை சொல்லக்கூடாது பார்.

சின்னவள்


ஏப்ரல் 12

அடி என் சின்னவளே,

தின்றுவிட்டது! எங்கேயும் போகவில்லை, உள்ளேயே தின்றுவிட்டது!

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றபடியே படித்தேன். "துரு தின்னுடுச்சு" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மீசை பயந்துபோய், "வீட்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுச்சா மேடம்?" என்று கேட்டார்.

பொறுமையாக எழுதப் பார்க்கிறேன். கொதிக்க வைத்ததில் மீத்தேன் ஆக்குகிறவை செத்துவிட்டன, அது சரி. ஆனால் ஓட்டுக்குள் தூங்கிப் பிழைத்தவை எல்லாமே நம் பக்கத்து ஆட்கள் என்று நான் எண்ணியதுதான் தவறு. அவற்றிலேயே ஒரு பங்காளிக் கூட்டம் இருக்கிறது. அதுவும் கொதிப்பைத் தாங்கும். எழுந்ததும், பக்கத்தில் இருப்பவை உண்டாக்குகிற ஹைட்ரஜனையும் கூடவே வருகிற கரியமில வாயுவையும் சேர்த்துத் தின்றுவிட்டு, வினிகரில் இருக்குமே அந்த அமிலத்தை வெளியே விடும். இப்படி ஒரு கூட்டம் உண்டு என்று படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். என் தொட்டியில் இருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

தடயம் எல்லாம் என் கண்ணெதிரிலேயே இருந்தது. அந்த அமிலம் ஏறிக்கொண்டே போனது. ஹைட்ரஜன் நன்றாக உண்டாகும்போதும் அதே அமிலம் ஏறும். அதனால் ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைப் பார்த்து, ஆகா, என் ஆட்கள் உழைக்கிறார்கள் என்று பெருமைப்பட்டேன். திருடன் போட்டுவிட்டுப் போன செருப்பைத் துடைத்து வாசலில் அழகாக வைத்தது போல. ஒழுங்காக நடக்கும் தொட்டியில் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றமும் சேர்ந்து அடிக்கும். கொஞ்ச நாளாக அது குறைந்து வினிகர் நெடிதான் தூக்கலாக இருந்தது. மீசைகூட, "இப்பல்லாம் நாத்தம் கம்மி மேடம், மூக்கைப் பொத்தாம நிக்க முடியுது" என்றார். நானும், நல்லது, சந்தைக்காரர்கள் புகார் சொல்ல மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

உறுதி செய்துகொள்ளாமல் உனக்கு எழுதக்கூடாது என்று ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். தொட்டித் திரவத்தைச் சின்னக் குப்பிகளில் எடுத்து, கழிவு எதுவும் போடாமல், ஹைட்ரஜன், கரியமில வாயு இரண்டையும் நிரப்பி மூடி, மூடியில் ஒரு கண்ணாடி சிரிஞ்சைக் குத்தி வைத்தேன். வெறும் தண்ணீர் வைத்த குப்பியில் ஒன்றும் நடக்கவில்லை. தொட்டித் திரவம் இருந்த குப்பியில் வாயு குறையக் குறைய சிரிஞ்சின் தண்டு தானாக உள்ளே இறங்கியது. யாரும் தொடாமல். மீசை அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

இனிதான் எழுதக் கடினமான பகுதி. முதல் மாதம் தின்னாதவை பிறகு ஏன் தின்றன? முதல் மாதம் வால்வு முழுக்கத் திறந்திருந்தது. உண்டான வாயு உடனே வெளியே போய்விட்டது, அவற்றுக்கு வாய்ப்பே இல்லை. ஜனவரியில் நான் வால்வை மூடினேன். வாயு திரவத்தின் மேலேயே தேங்கி நின்றது. வாய்க்கு நேரே பந்தி போட்டுக் கொடுத்தேன், அவை சாப்பிட்டுப் பெருகின. வாயு குறைந்தது. கசிகிறது என்று இன்னும் கொஞ்சம் மூடினேன். இன்னும் குறைந்தது. உன் குழாயை நம்பாமல் நான் செய்த காரியம்தான் வாயுவைத் தொலைத்தது. உன் குழாய்க்கு வந்து சேராத வாயு எப்படியடி உன் குழாயில் கசியும்?

முந்தாநாள் வால்வைத் திறந்தேன். மூட்டைக்காரர்களை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, டிடெக்டரைக் கையில் பிடித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் திறந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகும் பாதியில் ஒருமுறை நிறுத்தி, டிடெக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மேலே திருப்பினேன். டிடெக்டர் வாயைத் திறக்கவில்லை. குழாய் வழியாகவும் சுற்றி வந்தேன், மூடிக் கழுத்தைச் சுற்றியும் வந்தேன். ஒன்றும் இல்லை. உள்ளே கலக்கியின் வேகத்தையும் கூட்டி, திரவத்தையும் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுகிறேன், அந்தக் கூட்டம் அடித்துக்கொண்டு போகட்டும் என்று. இன்று காலை மீட்டர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நாற்றமும் திரும்பிவிட்டது. இவ்வளவு கேவலமான நாற்றத்துக்கு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

அறிக்கையை மாற்றி எழுதுகிறேன். உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் இருக்கும்.

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தொட்டி, வாயு எதுவும் ஏறவில்லை. "நல்லவேளை அந்தப் பொண்ணு பெல்ட்டைப் பிடிச்சா. யானைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்கிறாள்.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

துளைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். உள்ளே இருந்து யானை தலையை நீட்டி, "என்ன, யாருக்காச்சும் குழந்தை பிறந்திருக்கா?" என்று கேட்டான். "இல்லை, கொஞ்சம் பேரு செத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். முகம் மாறி உள்ளே போய்விட்டான். (கல்யாணம் ஆகிவிட்டது. அம்மாவை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்.)

பங்காளிக் கூட்டமா? சொந்தத்துக்குள்ளேயே தின்கிற கூட்டம் இருக்கும் என்று நீதான் கண்டுபிடிக்க வேண்டுமா? சரி, சீண்டவில்லை. இல்லை, கொஞ்சம் சீண்டுகிறேன். எனக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் ஒன்று. அறிக்கையை மாற்றி எழுதுகிறேன் என்கிறாய். அது போதாது. நீ என்னைக் காகிதத்தில் மட்டும் சொல்லவில்லை. ஆட்களுக்கு முன்னால் சொன்னாய். அந்தச் சந்தையில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. அத்தனை பேரும் அறிக்கையா படிக்கப் போகிறார்கள்? "அவ போட்ட குழாய் ஒழுகுது" என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். நாளைக்கு நான் அந்தப் பக்கம் போனால், தங்கச்சின்னு நம்பி ஏமாந்தாங்களே அந்தப் பொண்ணு என்றுதான் காட்டுவார்கள்.

ஆய்வாளர் வருகிற அன்று, யார் யார் முன்னால் சொன்னாயோ அவர்கள் முன்னால் சொல். சுற்றி வளைக்காதே. "சூழ்நிலை காரணமாக" "புரிதல் குறைவினால்" என்றெல்லாம் அறிக்கைத் தமிழில் பேசி மழுப்பாதே. மீசைக்குப் புரிகிற மாதிரி சொல்.

அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உனக்கு நாலு பேர் முன்னால் தும்முவதுகூடக் கஷ்டம். அதனால்தான் கேட்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 28

சின்னவளுக்கு,

சொல்லிவிட்டேன்.

ஆய்வாளர் நேற்று வந்தார். ஜலதோஷம் குரலில் மட்டும் இல்லை, நிஜமாகவே இருக்கிறது. கையில் ஒரு கைக்குட்டை, பையில் நான்கு. மீட்டரைப் பார்த்தார். முதல் மாத அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. நைட்ரஜன் சோதனையைத் தன் எதிரில் மறுபடி செய்யச் சொன்னார். தன் சொந்த டிடெக்டரால், வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது, நீ போட்ட ஒவ்வொரு வெல்டையும் சுற்றினார். மூடியின் மேல் ஏறிக்கூட. அந்தம்மாவுக்கு வயது என்னைவிட அதிகம், ஆனால் ஏணியில் ஏறியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"சரி, இப்ப சொல்லுங்க. எங்க போச்சு?"

"தின்னுடுச்சு மேடம்."

"யாரு?"

"என் ஆளுங்கதான்."

சிரிஞ்சுக் குப்பியைக் காட்டினேன். தண்டு இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைக்குட்டை தீரும்வரை பார்த்தார். "என் சர்வீஸ்ல திருட்டு போன கேஸ் பாத்திருக்கேன், ஒழுகின கேஸ் பாத்திருக்கேன். தின்ன கேஸ் இதுதான் முதல்" என்றார்.

அதற்குள் மேலாளர், குழுக்காரர்கள், மூட்டை இறக்குகிறவர்கள், மீசை என்று எல்லாரும் கொட்டகை வாசலில் கூடிவிட்டார்கள். குளிர் அறை முழுதாக ஓட ஆரம்பித்ததால் அவர்களுக்கே ஒரு உற்சாகம். நான் முன்தினமே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என் தங்கச்சி போட்ட குழாய் ஒழுகுதுன்னு நான் இதே இடத்துல சொன்னேன். ஒழுகலை. ஒரு நாளும் ஒழுகலை. தப்பு தொட்டிக்குள்ள இருந்தது. தொட்டி என் பொறுப்பு. நான்தான் பயந்துகிட்டு வால்வை மூடினேன், அதனாலதான் வாயு போச்சு. அவளை உங்க முன்னாடி நான் பேசின பேச்சு தப்பு."

பிறகு மூட்டைக்காரர்களில் ஒருவர், மதியம் சுவரோரம் குறட்டை விடுகிறவர், கேட்டார்: "அப்ப அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லையா?"

"இல்லை."

"நாங்க தூங்கற இடத்துல வெடிக்காதுல்ல?"

"வெடிக்காது."

"அப்புறம் ஏம்மா அழுவறீங்க? நல்ல சேதிதானே சொல்றீங்க?"

அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஆய்வாளர் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பயன்படுத்தாததுதான், பார்த்து வாங்கினேன்.

ஃபைலை அங்கேயே மூடிக் கையெழுத்துப் போட்டார். உன் லைசென்ஸ் உத்தரவு இந்த வாரமே உன் தளத்துக்கு வந்துவிடும். என் பெயரில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், வால்வை யாருக்கும் சொல்லாமல் மாற்றியதற்கு. வரட்டும். அதைப் படித்து எனக்கு வருத்தம் வரும் என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நீ சொன்னியா? எல்லார் முன்னாடியும்?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக உருட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அவ இல்லாம இந்த வீடு எப்படி இருந்ததுன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது" என்றாள். அவ்வளவு நாள் அவள் நம் இருவருக்கும் நடுவில் வேடிக்கை பேசிக்கொண்டு எப்படி நின்றிருந்தாள் என்று நேற்றுத்தான் யோசித்தேன்.

சந்தைக் குழு இரண்டாவது தொட்டி வைக்கப் போகிறது. குழாய் வேலைக்கு யாரை அழைப்பது என்று என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரை எந்தக் காகிதத்திலும் இனி எழுதமாட்டேன்.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

உத்தரவு வந்தது. ஃபோர்மேன் அதை இரண்டு முறை படித்துவிட்டு டார்ச்சை எடுத்துக் கொடுத்தார். யானைதான் இப்போது துளைக்கு வெளியே விசிலோடு உட்கார்ந்திருக்கிறான். பாதி நேரம் ஊதிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

நீ எல்லார் முன்னாலும் சொன்னதை நான்கு தடவை படித்தேன். நான் கேட்டதைவிட அதிகமாகவே சொல்லிவிட்டாய். அழச் சொல்லிக் கேட்கவில்லை.

இரண்டாவது தொட்டிக்கு என் பெயரை எழுது. இங்கே கையில் இருக்கிற கப்பலை முடித்துவிட்டு வருகிறேன். அம்மாவிடம் இப்போதே சொல்லாதே, அன்றிலிருந்தே சமைக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். சுவர் மூலையில் குழாய் திரும்புகிற இடத்தில் ஒரு வெல்டு இருக்கிறது. அங்கே தலையை நுழைக்க முடியாது, கையைப் பின்பக்கமாக விட்டு, சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போட்டேன். போடும்போதே தோள் இழுத்துப் பிடித்துக்கொண்டது. முடித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும், நீ அன்று கூட்டத்தில் கசிகிறது என்று சொன்ன நொடியில் எனக்கு அந்த மூலைதான் கண் முன்னால் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. நான் கத்தினேனே, அவ்வளவு சத்தமாக, அது உன்னைப் பார்த்து மட்டும் இல்லை.

இங்கே வந்த பிறகும் படுத்தால் அந்த மூலை. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்களை உனக்கு மட்டுமா தெரியும்? அந்தக் குறட்டைக்காரருடன் எத்தனை நாள் டீ குடித்திருக்கிறேன். நானே வந்து அந்த மூலையைச் சோதித்திருக்கலாம். நிஜமாகவே கசிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் வரமாட்டேன் என்று எழுதினேன். உன்னைச் சோதிக்கச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை விடுதிக்குத் தபால்காரர் வரும் பக்கமே பார்க்காமல் இருந்தேன்.

முள் அசையவில்லை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் தூங்கினேன். எவ்வளவு நாள் கழித்து அப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை. அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் கோபம் தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருக்க வேண்டியிருந்தது.

இப்போது தீர்ந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்.

சின்னவள்